கப்பலுக்குப் போகிற ரயில்

உட்காருங்கள் அக்கா, அந்த நாற்காலி காலிதான். யாரும் வர மாட்டார்கள். என் ஆட்கள் மேலே சாப்பிடப் போயிருக்கிறார்கள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பசிக்கத்தான் செய்கிறது, அது வேறு விஷயம். அக்கா என்று கூப்பிடலாமில்லையா? என்னைவிட இரண்டு வயது கூட இருப்பீர்கள் போலத் தெரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

கப்பல் இப்படித்தான் ஆடுமா, இல்லை எனக்கு மட்டும் ஆடுகிறதா? சரி, எல்லாருக்கும் ஆடினால் பரவாயில்லை.

நான் இன்னும் அறைக்குப் போகவில்லை. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எனக்கும் என் சம்பந்தியம்மாளுக்கும் சேர்த்து ஒரே அறை போட்டிருக்கிறான் என் பையன். இரண்டு ராத்திரி. இன்றைக்கு நடந்ததற்குப் பிறகு அந்த அறைக்குள் போய் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதுதான் யோசனை. அதற்காகத்தான் இப்படிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறேன். காற்று வாங்க இல்லை.

என் பெயர் செண்பகவல்லி. எங்களுக்குக் கோவில்பட்டி. அவள் சங்கரன்கோவில், பெயர் ஆவுடைத்தாய். முகத்துக்கு நேரே மதினி, வாங்க, போங்க எல்லாம் உண்டு. இப்படித் தனியாகப் பேசும்போது அவள், இவள் என்றுதான் வருகிறது. பழகிவிட்டது.

என் பையன் கதிரேசனுக்குப் பெங்களூரில் வேலை. அவன் பெண்டாட்டி சுபாவுக்கும் அங்கேதான். இரண்டு அம்மாக்களும் கடலில் போனதே இல்லை, கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள். அவர்கள் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கி நேரே துறைமுகத்துக்கு வந்துவிடுவது. நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடியில் விமானம் ஏறி மெட்ராஸில் இறங்கி அங்கே வந்து சேர்வது. இதுதான் ஏற்பாடு.

அவன் கார் வைத்துத் தருகிறேன் என்றுதான் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். ஏசி காரில் ஏறினால் எனக்குக் குடலைப் புரட்டும். அப்படியானால் மெட்ரோவில் போங்கள் அம்மா, உட்கார்ந்தால் நேரே கொண்டுபோய் விட்டுவிடும், இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் போதும் என்றான். அதுவும் ஏசி, அதுவும் பூமிக்கு அடியில். எனக்கு மூச்சு முட்டும். கல்யாணத்துக்கு முன்னால் சைதாப்பேட்டையில் எங்கள் அண்ணன் வீட்டில் இருந்தவள் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். அப்போது மின்சார ரயிலில் போகாத இடமா? விமான நிலையத்துக்கு எதிரே ரோட்டைக் கடந்தால் திரிசூலம் ஸ்டேஷன். அங்கே ஏறினால் கடைசி ஸ்டேஷன் பீச். இறங்கினால் எதிரே துறைமுகம். இதற்குப் போய்க் காரா? மெட்ராஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டாலும் நீங்க சொன்னாச் சரி மதினி என்பாள். அந்த வீட்டில் எல்லாருமே அப்படித்தான்.

வழி எல்லாம் சரி அக்கா. வழியில் ஒரு தப்பும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பையன் இப்போது கார் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறான்.

விமானத்தில் ஏறியதும் போனை அணைக்கச் சொன்னார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியாது, பித்தானைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் வாங்கி அணைத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். இரண்டு பேருடைய ஆதார் அட்டை, என் மாத்திரை எல்லாம் ஒரு மஞ்சள் துணிப்பையில் தனியாக வைத்திருந்தேன். அதுவும் என் கையில்தான். அவளிடம் அவள் பெட்டி மட்டும்தான். உருளை இல்லாத பழைய பெட்டி, தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உருட்டுகிற பெட்டி வாங்கக்கூடாதா என்று கேட்டேன். சிரித்தாள்.

திரிசூலத்தில் டிக்கெட் எடுத்து உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். வேர்த்துக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. மஞ்சள் பையை பெஞ்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் கொண்டையைப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. பெண்கள் பெட்டி எங்கேயோ முன்னால் போய் நின்றது. அந்த வண்டி நிற்பது எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியாதா? வாங்க மதினி என்று சொல்லிவிட்டு என் பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே வருகிறாள் என்றுதான் நினைத்தேன். ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், ஆள் இல்லை. வண்டி நகர்கிறது. எட்டிப் பார்க்கிறேன். அவள் அந்த பெஞ்சுப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறாள்.

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்கள். பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதானே தோன்றும்? யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் நின்றது. நல்ல பிள்ளை. அடுத்து மீனம்பாக்கம்தான் ஆன்ட்டி, இறங்கி நில்லுங்க, அடுத்த வண்டியில வந்துடுவாங்க என்று சொன்னது. மீனம்பாக்கம் வந்தது. போனது. பழவந்தாங்கலும் வந்து போனது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்களும் அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. கப்பலை விட்டுவிடுவோமோ என்ற பயம். அவ்வளவு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு இறங்கி மறுபடி ஏற முடியுமா? அதுவும் ஒன்று. ஆனால், ஒளிப்பானேன், கோபம்தான் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான். பெண்ணைப் பெற்றவளுக்காக ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி நிற்பேனா? வாய் இருக்கிறது, விசாரித்து வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. காற்று நன்றாக வந்தது. அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, கேட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தேன். நான் சொன்ன மாதிரியே எல்லாம் அங்கங்கே இருந்தது. கேட்டிலிருந்து கப்பல்காரர்களே பஸ்ஸில் ஏற்றி உள்ளே கொண்டுபோகிறார்கள், நீங்களும் அப்படித்தானே வந்திருப்பீர்கள். கதிரேசனும் சுபாவும் நின்றுகொண்டிருந்தார்கள். சுபா என் பின்னால் பார்க்கிறாள். அம்மா எங்கே அத்தை என்றாள்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். வண்டி ஏறக்கூடத் தெரியாத ஆளை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். கதிரேசன் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான். சுபா போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே.

"பாத்தியா, போனையும் அணைச்சு வச்சிருக்கா" என்றேன் நான்.

அக்கா, சத்தியமாக எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை. என் கைப்பையில் கிடக்கிறது, நானே போட்டது, ஆனால் ஞாபகமே இல்லை. கோபம் வந்தால் எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எங்கள் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார்.

ஜனங்கள் வருகிறார்கள், அட்டையைக் காட்டுகிறார்கள், பஸ்ஸில் ஏறுகிறார்கள். இன்னும் ஒரு பஸ்தான், அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்று ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். சங்கரன்கோவிலில் எதை எடுத்தாலும் இப்படித்தான் என்றேன். கல்யாணத்தில் பந்திக்கு இலை பத்தாமல் போனதைச் சொன்னேன். இவளை யார் கூட்டிவரச் சொன்னது, திருப்பி பஸ் ஏற்றி அனுப்பு, நாம் மூன்று பேரும் போவோம் என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுபா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் நானும் நிறுத்தியிருப்பேன்.

அப்போதுதான் கேட்டில் நின்ற காவலர் அட்டையைக் கேட்டார். தோளைத் தடவுகிறேன், மஞ்சள் பை இல்லை.

பெஞ்சில் மாட்டினது ஞாபகம் வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? அவள் குனிந்து நின்றது ஞாபகம் வந்தது. நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

"ஏம் பையையும்லா தூக்கிக்கிட்டு எங்கயோ போயிட்டா."

சுபா தலையை நிமிர்த்தினாள். சத்தம் போடவில்லை.

"எங்கம்மா அப்படித் தூக்கிட்டுப் போறவங்க இல்ல அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அட்டை ஒருவேளை கைப்பையில் இருக்குமோ என்று தேடுகிற மாதிரி உள்ளே கையை விட்டுத் துழாவினேன். கையில் ஏதோ அகப்பட்டது. எடுத்தால் அவளுடைய போன். பின்னால் பிள்ளையார் படம் ஒட்டியிருப்பாள். அதைச் சுபாவும் பார்த்தாள், காவலரும் பார்த்தார், பின்னால் நின்ற சேட்டு வீட்டு அம்மாளும் பார்த்தாள். சுபா கை நீட்டினாள். கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஏன் துடைக்க வேண்டும் என்று தெரியவில்லை. என் பை ஒன்றும் அழுக்குப் பை இல்லை.

அப்புறம்தான் அவர்கள் வந்தார்கள். கதிரேசன் அவள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான். அவள் ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக வருகிறாள், வார் அறுந்துவிட்டது. இன்னொரு கையில் மஞ்சள் பை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள், பச்சைப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. முகமெல்லாம் சிவந்து கிடக்கிறது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாகப் பையை என் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க மதினி. பெஞ்சுலயே கெடந்துச்சு."

பையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் இருக்கிறதே, இந்த வாய். அது என்ன கேட்டது தெரியுமா? பையைப் பார்த்தால் ஒரு சத்தம் கொடுக்கக்கூடாதா, நான் நின்றிருக்க மாட்டேனா என்று கேட்டது.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துட்டு மதினி. நீங்க பொறப்பட்டு ரெண்டு எட்டு வச்சிட்டீய. நல்லதுக்குப் போறப்ப பின்னால இருந்து கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீயள்லா. அதான், முன்னால ஓடிவந்து சொல்லிருவோம்னு பையை எடுத்தேன். அதுக்குள்ள வண்டி போயிட்டு."

உங்களுக்கு இது விளங்க வேண்டுமென்றால் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் கதிரேசன் ஒரு வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பினான், எங்கள் வீட்டிலிருந்து. அவள் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் நல்ல நேரம் பார்த்துப் படியிறங்கித் தெருவில் கால் வைத்துவிட்டான். இவள் உள்ளேயிருந்து ஓடிவந்து, மாப்பிள்ளே, சாப்பாட்டுப் பொட்டலத்தை விட்டுட்டுப் போறீங்களே என்று பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டாள். அந்த வேலை கிடைக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னேன். நாலு வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. நான் புதிதாகச் சட்டம் போடவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் வெளியே வந்து, போதும் செண்பகம் என்று சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு அவள் ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. முதுகு வலி என்று சொல்லி அனுப்பினாள். நானும் முதுகு வலி என்றுதான் நினைத்திருந்தேன்.

அதை அவள் மனதில் வைத்துக்கொண்டு பழி வாங்கினாள் என்றால் எனக்கு நிம்மதி அக்கா. அப்படி இல்லை. நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறாள். ரயில் புறப்படுகிறது, முன்பின் தெரியாத ஊர், கையில் போன் இல்லை. ஒரு சத்தம் கொடுத்தால் முடிந்தது. கொடுக்கவில்லை. எனக்குக் கப்பல் பயணம் நல்லபடியாக நடக்க வேண்டுமாம்.

அந்தப் பை வரவில்லை என்றால் என்னைத்தான் கேட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். அதையும் யாரும் சொல்லிக் காட்டவில்லை. கதிரேசன் துறைமுகத்துக் கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். காவலர்தான் பேசினார். "சீக்கிரம் ஏறுங்கம்மா, சம்பந்தி சண்டையக் கப்பல்ல போய் வச்சுக்கலாம்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

பஸ்ஸில் சுபா அவள் புருஷனோடு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்தில் யாரும் வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். ஆவுடைத்தாய் வந்து உட்கார்ந்தாள். பையைத் தொட்டுக் காட்டி, காலை மாத்திரை போடவில்லையே மதினி, போட்டுக்கிடுங்க என்று தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் பேசினதை அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன். அப்புறம் கதிரேசனிடம் கேட்டேன். சொல்ல வேண்டிய தேவையே இல்லை அம்மா, நாங்கள் ரோட்டைக் கடக்கும்போதே உங்கள் சத்தம் கேட்டது என்றான். இலை பத்தாமல் போன கதையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவன் அத்தையைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டானாம். அவள், பாவம் மாப்பிள்ளை, பயந்து போயிருக்காக, வேகமா நடங்க என்றாளாம்.

இப்போது சொல்லுங்கள், அந்த அறைக்குள் நான் எப்படிப் போவது?

முதலில் போனேன் என்றேனே, கதவு லேசாகத் திறந்து கிடந்தது. பார்த்தேன். உள்ளே இரண்டு கட்டில். ஒன்று ஜன்னல் ஓரம், கடல் தெரிகிற மாதிரி. ஒன்று கதவுப் பக்கம். இரண்டிலும் விரித்த விரிப்பு கசங்காமல் கிடக்கிறது. அவள் இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியை மடியோடு வைத்துக்கொண்டு. எந்தக் கட்டிலை நான் எடுப்பேன் என்று தெரியாமல் ஒன்றிலும் உட்காராமல் இருக்கிறாள் அக்கா. அந்த அறைக்குப் பணம் கட்டினதில் பாதி அவள் மகள் சம்பாத்தியம். காலில் கொப்புளம் வேறு. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ.

நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

யாராவது ஒருத்தியைக் கட்டிலில் உட்காராதே என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. இதை மட்டும் நான் சொல்லவே இல்லை. அப்படியிருந்தும் பயப்படுகிறாள் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆமாம். நீங்கள் சொல்வது சரிதான். போகத்தான் வேண்டும். இங்கேயே விடிய விடிய உட்கார முடியாது, கப்பல்காரர்கள் விட மாட்டார்கள்.

போய் என்ன சொல்ல? அதுதான் வரமாட்டேன் என்கிறது. மன்னிப்பு என்றெல்லாம் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரி சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அவள்தான் பதறிப்போவாள், என்ன மதினி இப்படிப் பேசுதீய என்று அழுதுவிடுவாள். அப்புறம் அவளைத் தேற்றுவது யார்? மதினி, கீழே ஏன் உட்கார்ந்திருக்கீக, எந்திரிங்க என்று சொல்லலாம். அதட்டுகிற மாதிரி இருக்குமோ? ஜன்னல் கட்டிலில் நீங்கதான் படுக்கணும், நான் சொல்லுதேன்லா என்று சொல்லலாம். அதுவும் அதட்டல்தான். என் வாயில் எது வந்தாலும் அதட்டலாக வருகிறது. சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லை, இப்போது திருத்த முடியுமா?

காலுக்குத் தேங்காய் எண்ணெய் போடுங்க என்று சொல்லலாம். எண்ணெய் என் பெட்டியில் இருக்கிறது. நானே போட்டுவிடுகிறேன் என்றால் காலைக் கொடுப்பாளா? மாட்டாள். மாப்பிள்ளையின் அம்மா காலைத் தொடுவதா என்று மடக்கிக்கொள்வாள்.

ஒன்றும் சொல்லாமல் போய் நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டால் என்ன? அது ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உட்காருவது ஒன்றும் பெரிதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முழங்கால்தான் அப்புறம் எழுந்திருக்க விடாது. அவள்தான் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

கொடுப்பாள் அக்கா. ஒரு வார்த்தை கேட்காமல் கொடுப்பாள். அதை நினைத்தால்தான் கால் நகர மாட்டேன் என்கிறது.